மூஞ்சியில் எழுதியிருந்த விடைகள்

என் மூஞ்சியால் எனக்கு வராத வம்பு இல்லை. மனசில் ஒன்று தோன்றினால் போதும், அடுத்த நொடி அது நெற்றியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் சீட்டாட உட்கார்ந்தால் என்னை யாரும் ஜோடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நான் சீட்டைக் கையில் எடுப்பதற்குள் என்னிடம் என்ன இருக்கிறதென்று ஊருக்கே தெரிந்துவிடுகிறதாம், வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இன்னும் மோசம். ஒருநாள் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டே புருவத்தைச் சுருக்கினேன். அதைப் பார்த்த மனிதர் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அங்கேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். எனக்கு டாக்டரின் கிறுக்கல் புரியவில்லை, அவ்வளவுதான். அவருக்கு இருந்தது வெறும் சளி. அன்றிலிருந்து முதலாளி என்னை முன்னால் நிற்க விடுவதில்லை. உள்ளே அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு சரி.

இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. காலையில் அங்கே உடற்பயிற்சி நடக்கும். சாயங்காலம், அப்பா அம்மா வேலையிலிருந்து திரும்ப நேரமாகும் பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேராக அங்கே வந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகள், மடித்து வைத்த மேசைப்பந்துப் பலகை, எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர்க் குழாய். என்னைப்போல் வேலை முடித்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுப்போம். சம்பளம் கிடையாது, தேநீர் மட்டும் உண்டு, அதுவும் ஆறிப்போயிருக்கும். இதையெல்லாம் கட்டி மேய்க்கிறவளுக்கு விசிலக்கா என்று பெயர். கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டிருப்பாள். அதை ஊதி நான் பார்த்ததே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாலே கூடம் அடங்கிவிடும்.

சேர்ந்த அன்றே விசிலக்கா எனக்குச் சட்டம் சொன்னாள். பென்சில் எப்போதும் பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும். நம் கை நம் மடியில். விடையை வாயால் சொல்லவே கூடாது. குழந்தை தானாக வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். என் கோபம் மூக்கு நுனியில் நிற்கிற கோபம். ஆனாலும் சொன்னபடி செய்தேன். கையைத் தொடையின் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். வாயைப் பூட்டிக்கொள்வேன். முகத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வாய்த்த பிள்ளை பட்டாணி. உருண்டை முகம், உருண்டைக் கண், வயதுக்குக் குட்டையான உருவம். வீட்டில் வைத்த செல்லப்பெயர் கூடத்திலும் ஒட்டிக்கொண்டது. ஒரு வகுப்பு கீழே படிக்கும் அவளுடைய தங்கச்சி அவளைவிட உயரம். ஆனால் ரோட்டைத் தாண்டும்போது பட்டாணிதான் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொள்வாள். பையை வாங்கிக்கொள்வதும் அவள்தான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பதும் அவள்தான். தங்கச்சி அத்தனை பேர் நடுவில் “அக்கா” என்று கூப்பிடும்போது பட்டாணி சற்று நிமிர்ந்து நடப்பாள். மற்றபடி வாயைத் திறக்க மாட்டாள். புது ஆளைக் கண்டால் உதடு ஒட்டிக்கொள்ளும்.

என்னிடம் மட்டும் நன்றாகச் செய்தாள். முதலில் தடுமாறினாள், போகப் போக எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் விடைக்கு வந்துவிடுவாள். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பென்சில் முனையைத் தாளில் வைத்ததும் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு எழுதுவாள். கூட்டலா கழித்தலா என்று முணுமுணுப்பாள், பார்ப்பாள், எழுதுவாள். பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நான் பூரித்துப்போவேன். கடையில் அலமாரி துடைக்கும் பெண்ணிடம்கூடப் பெருமையடித்தேன்.

இந்த நேரத்தில்தான் பள்ளியில் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: பரீட்சையில் எழுதியது போதாது, இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரட்டும் என்று. அந்த வகுப்புக்குத்தான் தங்கச்சி வரப்போகிறாள். அக்காவும் தங்கையும் ஒரே பெஞ்சு. அந்த அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். அன்றைக்கு வேலை உடுப்பை மாற்றாமலேயே கூடத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் பட்டாணி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாளாம். தங்கச்சி வகுப்பில் போட்டால் நான் பள்ளிக்கூடமே போகமாட்டேன். சொன்னால் செய்கிற பிள்ளை அக்கா, அழுது அடம்பிடித்தாலாவது சமாதானம் பண்ணலாம் என்று என்னிடம் சொன்னாள் அம்மா.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? மறுநாளே அந்த அம்மாவை இழுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். பரீட்சைத் தாளைக் கண்டால்தான் பயப்படுகிறாள், வாயால் கேட்டுப் பாருங்கள், கொட்டுவாள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று மேசையைத் தட்டாத குறையாகச் சொன்னேன். தலைமையாசிரியை விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி, வாய்மொழியாக ஒரு பரீட்சை வைக்கிறேன், அதில் தேறினால் மேல் வகுப்பு என்றார். பிள்ளை புது ஆளிடம் பேசமாட்டாள் என்று நான் இழுக்கவும், வேண்டுமானால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றார். நான் ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி வெளியே வந்தேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அது நடந்தது.

அன்றைக்குக் கடையில் நின்று நின்று கால் கெஞ்சியது. கணக்கை நானே போட்டுப் பார்க்கச் சோம்பல்பட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெட்டிக்கு இருபத்து நாலு பிஸ்கட், மூன்று பெட்டி, எட்டுப் பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? பட்டாணி சட்டென்று ஒன்பது என்று எழுதினாள். நிமிர்ந்தாள். புத்தகத்தில் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒன்பதை அழித்தாள். பத்து என்று எழுதி நிமிர்ந்தாள். அழித்தாள். பதினொன்று. அழித்தாள். பன்னிரண்டு. நான் சிரித்துவிட்டு சபாஷ் என்றேன். அதற்குப் பிறகுதான் பார்த்தேன், நான் பார்த்திருந்தது அடுத்த கணக்கின் விடை. இதற்குச் சரியான விடை ஒன்பது.

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் தப்பாகப் பார்த்தேன், சரி. இவள் எப்படி அதே தப்புக்கு வந்து சேர்ந்தாள்? எந்தக் கணக்குப் போட்டாலும் அங்கே பன்னிரண்டு வராதே. “பன்னிரண்டு எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்டேன். பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். திட்டமாட்டேன், சும்மா சொல்லு என்றேன்.

“ஒன்பதுக்கு நீங்க மூஞ்சியைச் சுளிச்சீங்க,” என்றாள் பட்டாணி. “பத்துக்குக் கொஞ்சம் சரியாச்சு. பதினொன்னுக்கு இன்னும் கொஞ்சம். பன்னிரண்டுக்குச் சிரிச்சீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதமாக அவள் படித்துக்கொண்டிருந்தது புத்தகத்தை இல்லை, என்னை. கூட்டலா என்று முணுமுணுத்துவிட்டுப் பார்த்தாளே, அது பாசமில்லை, விடைப் பக்கத்தைப் புரட்டுகிற பார்வை. இந்த லட்சணத்தில் நான் போய்த் தலைமையாசிரியையிடம் சவால் விட்டு வந்திருக்கிறேன். அதைவிட ஆத்திரம் எதன்மேல் வந்தது தெரியுமா? அவள் முதலில் எழுதியது ஒன்பது. சரியான விடை. அதைத் தானாகப் போட்டிருக்கிறாள். என் மூஞ்சி கோணியதும் அதை அழித்துத் தூர எறிந்துவிட்டாள்.

நாற்காலியை அவளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து அடுத்த கணக்கைச் சொன்னேன். பென்சிலை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். திரும்பாதே என்றேன். மறுபடி பென்சிலை வைத்தாள், அப்படியே உறைந்துபோனாள். பக்கத்தில் கிடந்த பழைய செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன். இப்போது தடதடவென்று விடை வந்தது. அப்பாடா என்று தாளை இறக்கினேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், நீங்கள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள், சரியான நம்பர் சொன்னதும் நிறுத்திவிட்டீர்கள் என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கும் அவள் கவனமாக என்னைப் பார்த்தாள், தலையில் அடித்தால் என்ன அர்த்தம் என்று.

அவளைக் கூட்டிப்போக அம்மா வந்ததும் வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெந்நீரிலும் சோப்பிலும் ஊறி வெளுத்த விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“நாளைக்கு நீங்கதானேக்கா பக்கத்துல உட்காரப் போறீங்க?”

ஆமாம் என்றேன்.

“அப்ப என்னக்கா கவலை? உங்களுக்கு விடை தெரியும். வாயைத்தானே திறக்கக் கூடாதுன்னாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த வருஷம் யார் உட்காருவார், அதற்கடுத்த வருஷம் யார் உட்காருவார், நான் என்ன அவள் பெஞ்சிலேயே குடியிருக்கவா முடியும் என்று கத்திவிட்டேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. “அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்க்கா. நாளைக்கு அவ தோத்துட்டா படிப்போட முடிஞ்சுது. எனக்கு என் பிள்ளையைத் தெரியும்,” என்றாள். பிறகு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், போய் உட்கார்ந்து சிரித்துவிட்டு வா, உலகம் ஒன்றும் இடிந்து விழாது, உன் மூஞ்சியால் முதல்தடவை ஒருத்தருக்கு நல்லது நடக்கட்டுமே என்கிறார். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. பொய் சொல்வானேன், கண்ணாடி முன்னால் நின்று ஒருதரம் சிரித்தும் பார்த்தேன். இஞ்சி தின்ற மாதிரி இருந்தது.

தலைமையாசிரியை அறை சின்னதுதான். ஒரு மேசை, அதன் பின்னால் சுழல் நாற்காலி, சுவரோரமாக இரண்டு இரும்பு அலமாரி, எதிர்ச்சுவரில் உலக வரைபடம். மேசை விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் கடக் கடக் என்று தட்டியது. அம்மாவும் தங்கச்சியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதில் அம்மாவின் பாதி முகம் தெரிந்தது. பட்டாணி முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும். நான் பக்கத்தில். என்ன செய்யப்போகிறேன் என்று அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது.

முதல் கேள்வி சுலபம். நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு வண்டிக்கு ஒன்பது பேர், எத்தனை வண்டி வேண்டும்? பட்டாணி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். “நாலு…” என்று ஆரம்பித்தவள் நிறுத்தி, “அஞ்சு” என்றாள். தலைமையாசிரியை தலையசைத்தார். இரண்டாவது, மணிக்கணக்கு. ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கும் வகுப்பு முக்கால் மணி நேரம் நடந்தால் எப்போது முடியும்? பத்தரை என்றாள், என்னைப் பார்த்தாள், “இல்ல, பத்து இருபத்தஞ்சு” என்றாள். சரி என்றார். கதவுக் கண்ணாடியில் அம்மாவின் முகம் மலர்ந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்தால் போதும்.

மூன்றாவது கேள்வி. ஆறு தட்டு, தட்டுக்குப் பன்னிரண்டு முட்டை. கொண்டுவரும் வழியில் எட்டு உடைந்துவிட்டது. மிச்சம் எத்தனை?

பட்டாணி யாரையும் பார்க்கவில்லை. தாளில் ஏதோ கிறுக்கினாள், உடனே “அறுபத்து நாலு” என்றாள். சரியான விடை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து விசிறி திரும்பித் தலைமையாசிரியையின் தாள்களைக் கலைத்தது. அவர் கடுகடுவென்று அவற்றை அமுக்கிப் பிடித்தார். பட்டாணி அந்த முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். “இல்ல… அறுபத்து ரெண்டு,” என்றாள். அந்த முகம் மாறவில்லை. “இல்ல… அறுபத்தெட்டு?” அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

நான் லேசாகப் புருவத்தைத் தூக்கியிருந்தால் போதும். பழைய விடைக்குப் போயிருப்பாள். ஆனால் எனக்கு வந்தது கோபம். அவள்மேல் இல்லை. கையில் வைத்திருந்த சரியான விடையை, பெரியவர்கள் முகம் கோணுகிறதே என்று கீழே போட்டுவிட்டாளே, அதற்குப் பழக்கியவள் நான்தானே என்ற கோபம். எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து அலமாரியில் மோதியது.

“மேடம், முதல் ரெண்டு விடையும் அவளோடது இல்ல,” என்றேன். “என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னா. அதைக் கணக்குல எடுக்காதீங்க.”

கதவுக் கண்ணாடியில் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பென்சில் சட்டம், பிஸ்கட் கணக்கு, காலாட்டியது எல்லாம். தலைமையாசிரியை கேட்டு முடித்ததும் தாள்களை அடுக்கத் தொடங்கினார். அப்படியானால் இந்தப் பரீட்சைக்கு அர்த்தம் இல்லை, நீங்களே சொல்லிவிட்டீர்கள், இவள் இதே வகுப்பில் இருக்கட்டும் என்றார். என் வாயாலேயே பிள்ளையைக் குழியில் தள்ளிவிட்டேன்.

முட்டைக் கணக்கில் முதலில் என்ன சொன்னாள் என்று அவளையே கேளுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சல்தான், எனக்குப் பழக்கமில்லாத வேலை. அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் பட்டாணியைப் பார்த்து, முதலில் அறுபத்து நாலு என்றாயே, ஏன் மாற்றினாய் என்று கேட்டார்.

பட்டாணி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், “நீங்க கோவமா பார்த்தீங்க,” என்றாள்.

“நான் எங்கே கோவமா பார்த்தேன்?” என்றார் தலைமையாசிரியை. கொஞ்சம் பொறுத்து, “என் மூஞ்சியே அப்படித்தான்,” என்றார். அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

எனக்கு அப்போது எங்கிருந்து தைரியம் வந்ததோ. “அப்ப நம்ம ரெண்டு பேர் மூஞ்சியும் வேண்டாம் மேடம். திருப்பிக்குவோம்,” என்றேன். என்னையா சுவரைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உலக வரைபடத்துக்கு முன்னால் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கொஞ்சம் கழித்துப் பின்னால் சுழல் நாற்காலி கிரீச்சிட்டுத் திரும்பியது.

“முட்டையிலிருந்து ஆரம்பிப்போம்,” என்று தலைமையாசிரியை இரும்பு அலமாரியைப் பார்த்துச் சொன்னார். கணக்கை மறுபடி சொன்னார்.

எத்தனை நேரம் ஆயிற்றோ தெரியவில்லை. வரைபடத்தில் கடலின் நடுவே ஒரு கறை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் ஆடிவிடுமோ என்று இரண்டு பாதத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு அழுத்திக்கொண்டேன். பெருமூச்சு வந்தது; அதையும் விழுங்கினேன். சொல்லுடி, உனக்குத் தெரியும், சொல்லு என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

“அறுபத்து நாலு,” என்றாள் பின்னாலிருந்து. பிறகு மெல்ல, “சரியா?”

நாங்கள் இருவரும் அசையவில்லை. விசிறி கடக் கடக் என்று போய் வந்தது. பென்சில் மறுபடி தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

“சரிதான்,” என்றாள் பட்டாணி. அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள்.

என் கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, பார்க்க வரைபடம்தான் இருந்தது. தலைமையாசிரியை அடுத்ததைக் கேட்டார். மூன்று மீட்டர் கயிறு, அதை இருபத்தைந்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும், எத்தனை தடவை வெட்டணும்? நானும் மனசுக்குள் போட்டேன். முந்நூறை இருபத்தைந்தால் வகுத்தால் பன்னிரண்டு. பட்டாணி யோசித்து, “பன்னிரண்டு” என்றாள். நான் சுவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அப்புறம் இன்னும் சில கணக்குகள். அரைக் கிலோவும் முக்கால் கிலோவும் சேர்ந்தால் எவ்வளவு என்பதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. ஒன்றேகால் என்று சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் சரியா என்று கேட்பதை மட்டும் நடுவில் எங்கேயோ விட்டுவிட்டாள்.

கடைசியில் தலைமையாசிரியை, திரும்பாமலேயே, எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டார்.

மாற்றாதே என்று என் உடம்பே கத்தியது. முதுகாலாவது அதைச் சொல்ல முடியுமா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அப்படியே விட்டால் போதும்.

“கயிறு,” என்றாள் பட்டாணி. “பன்னிரண்டு இல்ல. பதினொன்னு.”

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். யார் முகமும் இல்லாமலேயே பழைய புத்திக்குப் போய்விட்டாளே என்று நினைத்தேன். பன்னிரண்டு துண்டுதானே வருகிறது, ஏன் மாற்றுகிறாய் என்று தலைமையாசிரியை கேட்டார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

“துண்டு பன்னிரண்டு. ஆனா கடைசித் துண்டை யாரும் வெட்ட வேண்டாம். முன்னாடி துண்டை வெட்டினதும் அது தானா தனியா நிக்கும்.”

நான் கண்ணைத் திறந்தேன். விரலில் எண்ணிப் பார்த்தேன். ஒரு கயிற்றை ஒருதரம் வெட்டினால் இரண்டு துண்டு. இரண்டுதரம் வெட்டினால் மூன்று. அடக் கடவுளே. பதினொன்றுதான் சரி. நான் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பன்னிரண்டுக்கு என் மூஞ்சி மலர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு இவள் பதினொன்றை விழுங்கியிருப்பாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. “இப்ப திரும்பலாமா?” என்று தலைமையாசிரியை கேட்டார். அவர் கேட்டது என்னை இல்லை, பட்டாணியை. அவள் ம் என்றதும்தான் திரும்பினார். நானும் திரும்பினேன். அவர் முகம் அதே விளக்கெண்ணெய் முகம்தான். அந்த முகத்தோடேயே கதவைத் திறந்து அம்மாவிடம், மேல் வகுப்புக்குப் புத்தகம் வாங்கிவிடுங்கள் என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இருந்தது, இன்னும் தணியாத பயமும் இருந்தது. பட்டாணி என்னைத் தாண்டி ஓடிப்போய்த் தங்கச்சியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒருதரம்கூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சந்தோஷம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன்.

அடுத்த வாரம் கூடத்துக்கு வந்தவள் தன் நாற்காலியைத் தானே இழுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். விசிலக்கா என்ன கூத்து இது என்று கேட்டாள். இனிமேல் இப்படித்தான், உன் சட்டத்தில் சேர்த்துக்கொள் என்றேன். கணக்கைச் சொன்னேன். பென்சில் ஓடியது, நின்றது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று எழுதியிருந்தாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இஷ்டத்துக்குக் கோணியது, சுளித்தது, பல்லைக் கடித்தது. அவள் தலையைச் சாய்த்து, தான் எழுதியதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரப்பரைத் தேடி எடுத்தாள்.